400ஐ 372ன்னு சொன்னா என்ன செய்வீங்க?

சேலம் லீ பஜார்ல மூட்டை எடை போடுறாங்க. தட்டு காலியா இருக்கும்போதே தராசு 2 கிலோ காட்டுது. சும்மா விடுவீங்களா? ஒரு ரகளையே நடந்திருக்கும்! ஆனா, நீங்க இழுக்கிற மூச்சுக்காற்றை அளக்கிற மெஷின் இப்படிக் காட்டினா..?

ஜங்ஷன் மெயின் ரோட்டில் இருக்கிற சோனா தொழில்நுட்பக் கல்லூரி தெரியும்தானே? அந்தப் பெயரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுக் கண்காணிப்பு நிலையம் ஒன்று மத்திய வாரியத்தின் பட்டியலில் இருக்கிறது. 'இன்னிக்கு சேலம் காற்று எப்படி?' என்று செல்போனில் பார்க்கிறோமே, அந்த நம்பர் இந்த மாதிரி நிலையங்களில் இருந்துதான் வருது.

இங்கே கந்தக டை ஆக்ஸைடை அளக்க ஒரு அனலைசர், நைட்ரஜன் ஆக்ஸைடுகளுக்கு இன்னொன்று என்று தனித்தனி பெட்டிகள். ராத்திரி பகலா ஓடுற மெஷின் ஆச்சே... லேம்ப் மங்கும், ஃபில்டர் அடைக்கும், அளவு மெல்ல நகரும். 10 பிபிபி நகர்ந்தால் கந்தக டை ஆக்ஸைடு கணக்கில் ஒரு கனமீட்டருக்கு 26 மைக்ரோகிராம் தப்பு. 2009ல் அறிவிச்ச தேசியத் தரத்தின்படி 24 மணி நேர வரம்பே 80தான். நிஜத்தில் 90 இருக்கும்; மெஷின் 64ன்னு சொல்லும். ஆஸ்துமா இருக்கிற பாட்டி அதை நம்பி வாக்கிங் கிளம்பிடுவாங்க!

அதனால்தான் காலிப்ரேஷன். மேட்டர் ரொம்ப சிம்பிள். முதலில் சுத்தமான காற்றைக் கொடு, 0 காட்டணும். இது ஸீரோ. அப்புறம் சான்றிதழ் பெற்ற சிலிண்டர் வாயுவை அளவாகக் கலந்து 400 பிபிபி கொடு, 400 காட்டணும். இது ஸ்பான்.

இதுக்காக தினமும் ராத்திரி யார் கண் முழிக்கிறது? மெஷினுக்கே வேலை சொல்லி வைக்கலாம். எத்தனை மணிக்கு ஆரம்பிக்கணும், எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எத்தனை நிமிஷம்? இதெல்லாம் மெனுவில் கேட்கும். நிமிஷத்தில் கஞ்சத்தனம் கூடாது பாஸ்! வாயு குழாய் முழுக்க நிறைஞ்சு அளவு நிலைக்கிறதுக்குள்ள முடிச்சுட்டா கிடைக்கிறது அரைகுறை நம்பர்தான்.

சில மெஷின்களில் ஒரு சூப்பர் வசதி இருக்கு. தினமும் 12.30க்கே செக் வைத்தால், அந்த நேரத்துக் காற்றின் கணக்கு வருஷம் முழுக்க காலி. அதனால் தினமும் அரை மணி தள்ளிப்போ என்று சொல்லிடலாம். 48 நாளில் கடிகாரத்தை ஒரு ரவுண்டு வந்துடும். எந்த மணியும் நிரந்தரமா தொலையாது.

கடைசியா ஒரு கேள்வி வரும். 'சரிபார்த்தால் மட்டும் போதுமா, நானே திருத்திக்கவா?' நம்ம பசங்க 'ஓகே' அழுத்திட்டு கேன்டீனுக்கு ஓடிடுவாங்க. அங்கதான் ஆபத்து! 400 கொடுத்தோம், மெஷின் 372 காட்டுது. தப்பு மெஷின் மேலதானா? சிலிண்டர் தேதி முடிஞ்சிருக்கலாம், ஸ்பான் குழாயில் கசிவு இருக்கலாம். அப்படி வாயுவே குறைஞ்சு வந்திருந்தா, அந்த 372ஐ 400ன்னு மெஷின் மனப்பாடம் பண்ணிக்கும். அப்புறம் ரோட்டில் 70 இருந்தாலும் 75ன்னு அடிச்சு விடும். 'சரிபார்' மட்டும் போட்டு வைங்க. திருத்துறதை, காரணம் தெரிஞ்ச பிறகு ஒரு மனுஷர் செய்யட்டும். செக் நடந்த நிமிஷங்களைத் தனியாகக் குறிச்சு வைக்கணும், இல்லாட்டி அந்த 400ம் ஊர்க் காற்றுக் கணக்கில் சேர்ந்துடும்.

நாமக்கல் பக்கம் இருக்கிறவங்க 'எங்களுக்கென்ன?'ன்னு கேட்காதீங்க. கோழிப் பண்ணை அம்மோனியாவும் அதே 2009 பட்டியலில் இருக்கு, 24 மணி நேரத்துக்கு 400 மைக்ரோகிராம். பண்ணைக்குள்ள கொஞ்ச நேரம் நின்னா மூக்கு பழகிடும், நாற்றமே தெரியாது. கையடக்க மீட்டரின் ரசாயன சென்சாரோ, அம்மோனியா பட்டுப் பட்டே தேய்ஞ்சு போகும். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு அதைத் தூக்கிட்டுப் போறீங்களா? போறதுக்கு முன்னாடி ஒரு ஸீரோ, ஒரு ஸ்பான். திரும்பி வந்ததும் இன்னொரு தடவை. ரெண்டு நம்பரையும் தேதியோட நோட்டில் எழுதிடுங்க. வைவாவில் எக்ஸ்டர்னல் முதலில் கேட்கப்போறது அந்தப் பக்கத்தைத்தான்!