பிளேட்லெட் குறைந்தால் டெங்கு மட்டும்தானா?

நாலு நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால், பெரம்பலூரோ அரியலூரோ, எந்த ஊர் லேபிலும் முதலில் எடுப்பது சி.பி.சி. எனும் ரத்த அணுக்கள் பரிசோதனைதான். அதில் பிளேட்லெட் குறைந்திருந்தால், 'டெங்குவாத்தான் இருக்கும்' என்று நிலவேம்புக் கஷாயத்தையும் பப்பாளி இலைச் சாற்றையும் தேடுகிறார்கள்.

பெரும்பாலும் டெங்கு அல்லது வேறு வைரஸ் காய்ச்சலாகவே இருக்கும். பத்து நாளுக்குள் எண்ணிக்கை தானாக ஏறிவிடும். ஏறாவிட்டால்? ஈறில் ரத்தம் கசிந்தால்? அடிபடாமலே தோலில் நீலம் பாரித்தால்? அது 'அக்யூட் லுகீமியா' எனும் தீவிர ரத்தப் புற்றுநோயா என்று உடனே பார்த்துவிட வேண்டும்.

எலும்பு மஜ்ஜையில் 'பிளாஸ்ட்' எனப்படும் முதிராத அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதுதான் இந்த நோய். அவை இடத்தை அடைத்துக்கொள்வதால் சிவப்பணுக்களும் பிளேட்லெட்டும் குறைகின்றன. ரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் 'ஸ்மியர்' பரிசோதனையில் பிளாஸ்ட் அணுக்கள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வேலூர் காட்டிய கணக்கு

நோய் இருக்கிறதா என்பதோடு, அது எப்படிப் போகும் என்பதையும் இந்த எண்கள் ஓரளவு சொல்லும். அதற்கு நல்ல உதாரணம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கிடைத்தது.

'ஏ.பி.எல்.' என்பது அக்யூட் லுகீமியாவில் ஒரு வகை. ரத்தக்கசிவால் சில நாளிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. தாண்டிவிட்டால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு ஆர்செனிக் ட்ரையாக்சைடு மருந்தை மட்டுமே பிரதானமாகக் கொடுத்து, டாக்டர் விக்ரம் மேத்யூஸ் குழுவினர் 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். நோய் கண்டுபிடித்த நாளில் வெள்ளை அணுக்கள் 5,000-க்குக் கீழும், பிளேட்லெட் 20,000-க்கு மேலும் இருந்தவர்கள் 22 பேர். ஆய்வுக் காலத்தில் அவர்களில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள்.

எந்த லேபிலும் கிடைக்கும் இரண்டு எண்கள்தான் அவை! பிளேட்லெட் அதற்கும் கீழே இறங்குவதற்குள் போய்ச் சேர்வது எவ்வளவு முக்கியம் என்பதும் இதில் புரியும்.

மற்ற வகைகளில் மரபணுப் பரிசோதனைகளும் தேவைப்படும். எஃப்.எல்.டி.3 எனும் மரபணுவில் மாற்றம் இருந்தால் நோய் திரும்பும் அபாயம் கூடுதல். பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்று ரிப்போர்ட்டில் வந்தால் ஒரு காலத்தில் கெட்ட செய்தி. இமாடினிப் போன்ற மாத்திரைகள் வந்தபின் அந்த நிலை மாறிவிட்டது. ஆக, ரிப்போர்ட்டில் உள்ள எண் ஜாதகம் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு வேகமாக என்று டாக்டருக்கு வழிகாட்டுவது.

என்ன செய்யலாம்?

பெரம்பலூர் மாவட்டத் தலைமை மருத்துவமனை, 2022-ல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆகிய இடங்களில் முதலில் காட்டலாம். மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்றவை உள்ளன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், சிகிச்சைக்கு அது கிடைக்குமா என்று மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் தேதி வாரியாக எடுத்துச் செல்லுங்கள். எண்ணிக்கை எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதும் டாக்டருக்குத் தெரிய வேண்டிய தகவல்தான்.