பெய்ரூட் துறைமுகம்: மீளும் கரை யாருக்கு?

2020 ஆகஸ்ட் 4 மாலை பெய்ரூட் துறைமுகத்தின் 12ஆம் எண் கிடங்கு வெடித்தது. 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டை அங்கே இறக்கிவைத்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே, சென்னை மணலியில் தேங்கிக் கிடந்த சுமார் 700 டன் அதே ரசாயனத்தை நம் அதிகாரிகள் அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

பாழான அந்தத் துறைமுகத்தை மீட்க 2021 ஏப்ரலில் ஜெர்மன் நிறுவனங்கள் ஒரு திட்டத்தை முன்வைத்தன. சரக்குப் பணிகள் கிழக்கே நகரும். நகரை ஒட்டிய பகுதியில் வீடுகளும் பூங்காக்களும் கடற்கரையும் வரும். வெடிபொருளை மக்கள் வீட்டு வாசலிலிருந்து விலக்கும் எந்த யோசனையும் வரவேற்கத்தக்கதுதான். ஆனால், இதை நடத்த 'சொலிடேர்' போலப் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட ஒரு நிறுவனம் வேண்டும் என்றார்கள். கவலை அங்கேதான் தொடங்குகிறது.

சொலிடேர் தந்த பாடம்

1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சிதைந்த நகர மையத்தை மீண்டும் கட்ட 1994இல் உருவானது சொலிடேர். இடத்துக்குச் சொந்தக்காரர்களுக்கும் வாடகைக்கு இருந்தவர்களுக்கும் பங்குப் பத்திரம் கொடுத்தார்கள். பழைய கடைத்தெரு இருந்த இடத்தில் ஆடம்பரக் கடைகள் எழுந்தன. கட்டடங்கள் மீண்டன; அங்கே பிழைத்தவர்களில் பலர் திரும்பவில்லை.

ஹாம்பர்க் காட்டும் வழி

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் தன் பழைய துறைமுகத்தில் 157 ஹெக்டேரை 'ஹாஃபென்சிட்டி' என்ற புது நகர்ப்பகுதியாக்கி வருகிறது. பொறுப்பு நகரத்துக்கே சொந்தமான நிறுவனத்திடம் இருக்கிறது. யார் அதிக விலை தருகிறார் என்பதை மட்டும் பார்க்காமல், என்ன கட்டப்போகிறார் என்பதையும் பார்த்தே மனை கொடுக்கிறார்கள். வெள்ளத்திலிருந்து காக்கக் கட்டடங்களைக் கடல்மட்டத்துக்குச் சுமார் 8 மீட்டர் மேலே, மேடாக்கிய தரையில் கட்டுகிறார்கள்.

பெய்ரூட்டுக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. லெபனான் தன் கோதுமையில் பெரும்பகுதியைக் கப்பலில்தான் தருவிக்கிறது. அதனால் துறைமுகமும் ஓயாமல் இயங்கியாக வேண்டும். 2024இல் பிரெஞ்சு நிறுவனங்கள் தந்த திட்டம் இதைப் புரிந்துகொண்டது. கப்பல் தளங்களைச் செப்பனிடுவது, லாரிப் போக்குவரத்தைச் சீராக்குவது, சூரிய மின்சாரம் எடுப்பது என்று அடக்கமான வேலைகளையே அது பேசியது.

வெடிப்பின் வேகத்தைத் தாங்கி நகரின் மேற்குப் பக்கத்தை ஓரளவு காத்தவை துறைமுகத்தின் தானியக் குதிர்கள். அவற்றில் ஒரு பகுதி 2022இல் தீப்பிடித்துச் சரிந்தது. அதற்கு முன்பே அவற்றை இடிக்க அரசு முடிவெடுத்தபோது, உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் எதிர்த்து நின்றன. நீதி கிடைக்கும்வரை சாட்சியை அழிக்காதீர்கள் என்பதே அவர்கள் வாதம்.

புதிய கரைக்கு வரைபடம் போடுகிறவர்கள் அந்தக் குடும்பங்களை முதலில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். துறைமுகத்தை ஒட்டி வாழும் கரன்டினா குடியிருப்பு மக்களுக்குப் புது வீடுகளில் இடம் உறுதியாக வேண்டும். நிலம் பொதுவுடைமையாகவே இருக்க வேண்டும். இவற்றைச் சட்டத்தில் எழுதிய பிறகே முதல் மனை ஒதுக்கப்பட வேண்டும்.