எல்லாம் கனவுபோல் தோன்றுகிறதா? பயம் வேண்டாம்!

வணிகர்களுக்கு வரும் நோய்கள் எவை என்று கேட்டால் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இடுப்பு வலி என்று நாம் உடனே பட்டியல் போட்டுவிடுவோம். அவற்றைப் பற்றிப் பேச நமக்குத் தயக்கமும் இல்லை. "அண்ணாச்சி, சுகர் இப்போ எவ்வளவு இருக்கு?" என்று கேட்பது உடன்குடிக் கடைவீதியில் நலம் விசாரிக்கும் முறையாகவே ஆகிவிட்டது. ஆனால், வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் பலரும் மனத்துக்குள் பூட்டி வைத்திருக்கும் தொல்லை ஒன்று உண்டு. அதைப் பற்றி இங்கே விளக்க விரும்புகிறோம்.

கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். பழகிய கடை, பழகிய சரக்கு, பழகிய முகங்கள். திடீரென்று எல்லாமே எட்டிப் போனதுபோல் இருக்கிறது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து பார்ப்பதுபோல் தெருவும் ஆட்களும் தெரிகிறார்கள். வாடிக்கையாளர் கேட்பது காதில் விழுகிறது. நம் வாய் விலை சொல்கிறது, கை மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்கிறது. ஆனாலும் "இதையெல்லாம் செய்வது நான்தானா?" என்று உள்ளே ஒரு கேள்வி எழுகிறது. நம் குரலே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்கிறது. சிலருக்கு இது சில நிமிடங்களில் விலகிவிடும். சிலருக்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும்.

மருத்துவத்தில் இதற்குப் பெயர் உண்டு. சுற்றியுள்ள உலகம் நிஜமற்றதுபோல் தோன்றினால் 'டீரியலைசேஷன்' என்றும், தன் உடலும் மனமும் தன்னுடையவை அல்லாததுபோல் தோன்றினால் 'டீபெர்சனலைசேஷன்' என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். இது புதிய நோயும் அன்று. லுடோவிக் துகா என்ற பிரெஞ்சு அறிஞர் 1898-ஆம் ஆண்டிலேயே இந்தப் பெயரைக் கையாண்டு எழுதியிருக்கிறார். வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இவ்வுணர்வை அனுபவித்திருப்பார்கள் என்றும், நீடித்த நோயாக மாறுவது நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் என்றும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு நோய்க் கையேடு கூறுகிறது. ஆகவே, "எனக்கு மட்டும்தான் இப்படி" என்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

இது பைத்தியத்தின் தொடக்கமா?

இவ்வுணர்வு வந்தவர்களை வாட்டும் முதல் கேள்வி இதுதான். இல்லை என்பதே பதில். அதற்கான அடையாளம் அவர்கள் பேச்சிலேயே இருக்கிறது. "கனவுபோல் இருக்கிறது", "சினிமா பார்ப்பதுபோல் இருக்கிறது" என்றுதான் அவர்கள் சொல்வார்கள். இந்தப் 'போல்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கடை நிஜமானது, தெரு நிஜமானது, மாறியிருப்பது தம் உணர்வு மட்டுமே என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. மனம் சிதைந்த நிலையில் உள்ளவர் 'போல்' என்று சொல்லமாட்டார். உலகமே மாறிவிட்டது என்று உறுதியாக நம்புவார். அந்தச் சொல் நம் பேச்சில் இருக்கும்வரை அறிவு தன் கணக்கைச் சரியாகவே பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஏன் இப்படி நேர்கிறது?

ஆபத்து என்று உடல் உணர்ந்தால் அபாயச் சங்கை ஊதும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மூச்சு வேகமாகும். ஆபத்து அளவு கடந்ததாகத் தோன்றும்போது மூளை இன்னொன்றும் செய்யும். பயத்தில் நாம் செயலற்றுப் போகாதபடி உணர்ச்சிகளின் ஒலியைக் குறைத்துவிடும். சுவிட்சர்லாந்து நிலவியல் அறிஞர் ஆல்பர்ட் ஹெய்ம், மலையிலிருந்து விழுந்து உயிர் பிழைத்தவர்களின் அனுபவங்களைத் திரட்டி 1892-இல் வெளியிட்டார். விழும் நேரத்தில் பயமும் வலியும் இல்லாமல், காலம் நீண்டுவிட்டதுபோல் இருந்தது என்று அவர்களில் பெரும்பாலோர் கூறியிருந்தார்கள். மலையிலிருந்து விழுபவருக்கு இது ஒரு கவசம். கல்லாவில் உட்கார்ந்து கடன் பாக்கியை எண்ணிக் கவலைப்படுபவருக்கும் உடல் அதே கவசத்தை மாட்டிவிடுகிறது என்பதுதான் சங்கடம்.

மூச்சுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கவலையில் இருப்பவர் தம்மை அறியாமலே மேலோட்டமாகவும் வேகமாகவும் மூச்சு விடுவார். அதனால் இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறையும். அது குறைந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும், சுற்றுப்புறம் மங்கலாகக் கனவுபோல் தெரியும். தூக்கக் குறைவும், காலையிலிருந்து கணக்கில்லாமல் குடிக்கும் தேநீரும் காப்பியும் பதற்றத்தை மேலும் கூட்டும். மது முதலில் தணிப்பதுபோல் தோன்றினாலும் மறுநாள் பதற்றத்தைப் பெருக்கிவிடும். கஞ்சா நேரடியாகவே இவ்வுணர்வைத் தூண்டக்கூடியது.

அசலைவிட வட்டியே பெரிது

இந்தத் தொல்லை வளரும் விதம் நமக்குத் தெரிந்த கணக்குத்தான். முதலில் வந்த உணர்வு அசல் என்றால், அதைக் கண்டு ஏற்படும் பயம் வட்டி. "எனக்கு மூளை குழம்புகிறதோ? நாளைக்கும் வருமோ?" என்று பயந்தால் பதற்றம் கூடும். பதற்றம் கூடினால் அந்த உணர்வும் கூடும். அதைக் கண்டு மீண்டும் பயம். இப்படி வட்டிக்கு வட்டி ஏறிச் சிறிய அசல் பெருங்கடனாகிவிடுகிறது. பேச்சுவழிச் சிகிச்சை அளிப்போர் இந்த இரண்டாவது பயத்தைத்தான் முதலில் கரைக்கிறார்கள்.

நம் பகுதி வணிகருக்குக் கவலைக்கான காரணங்களுக்குப் பஞ்சமில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் உடன்குடிக் கருப்பட்டியையே எடுத்துக்கொள்வோம். பதநீர் இறங்கும் மாதங்களில் பணத்தைப் போட்டுச் சரக்கை வாங்கி இருப்பு வைக்க வேண்டும். ஈரக்காற்று பட்டால் சரக்கு கசியும். விலை ஏறுமா, இறங்குமா என்ற எண்ணம் தூக்கத்தைக் கெடுக்கும். குலசேகரன்பட்டினம் தசராவுக்கும் தீபாவளிக்கும் கடன்பட்டுச் சரக்கு இறக்கியவர், அது விற்றுத் தீரும்வரை நிம்மதியாக உண்பதில்லை. இவற்றுக்கு மேல் இயற்கையின் அடியும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. மாவட்டம் முழுவதும் கடைகளிலும் கிட்டங்கிகளிலும் தண்ணீர் புகுந்து சரக்குகள் வீணாயின. அத்தகைய பேரிழப்புக்குப் பிறகு சொந்தக் கடை வாசலில் நிற்பவருக்கு அது யாருடைய கடையோ என்பதுபோல் தோன்றினால் வியப்பதற்கில்லை. மனம் தாங்கமுடியாததைத் தள்ளி வைத்துப் பார்க்கும் முறை அது.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

முதலாவதாக, அதற்குப் பெயர் சொல்லுங்கள். "இது பதற்றத்தால் வரும் உணர்வு. ஆபத்தில்லை, தானே போகும்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, மூச்சை நிதானப்படுத்துங்கள். மூக்கின் வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். நான்கைந்து நிமிடம் செய்தால் போதும். வாடிக்கையாளர் எதிரே இருக்கும்போதும் பிறர் அறியாமல் இதைச் செய்யலாம்.

மூன்றாவதாக, புலன்களைப் பொருள்களின் மேல் திருப்புங்கள். இரும்புப் படிக்கல்லைக் கையில் எடுத்து அதன் குளிர்ச்சியையும் கனத்தையும் உணருங்கள். பெருங்காயத்தையோ சுக்கையோ முகர்ந்து பாருங்கள். எதிரே தெரியும் ஐந்து பொருள்களின் பெயரையும் நிறத்தையும் சொல்லுங்கள். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடையிலும் இதற்கு வேண்டியவை கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

நான்காவதாக, செய்துகொண்டிருந்த வேலையை விடாதீர்கள். பயந்து கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினால், கடை ஆபத்தான இடம் என்று மனம் பாடம் படித்துக்கொள்ளும். அடுத்த நாள் கடை திறப்பதே கடினமாகும். ஆனால் வண்டி ஓட்டும்போது வந்தால் மட்டும் ஓரமாக நிறுத்தி, தெளிந்த பிறகு புறப்படுங்கள்.

ஐந்தாவதாக, போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்காதீர்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ் 1962-இல் வெளியிட்ட நூலில், இத்தகைய உணர்வுகளோடு மல்லுக்கு நிற்காமல் அவை கடந்துபோக இடம் கொடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். மணப்பாட்டுக் கடலில் குளிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். அலையை எதிர்த்து நிற்பவனைத்தான் அது புரட்டும், உடலைத் தளர்த்தி மிதப்பவனைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும்.

வேரையும் பார்க்க வேண்டும்

மேலே சொன்னவை உடனடி உதவிகள். பதற்றத்தின் வேர் பணக் கவலையாக இருந்தால் அதை மனக்கணக்காக வைத்திருக்கக் கூடாது. கொடுக்க வேண்டியது, வர வேண்டியது, தவணை நாள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதாத கடன் இரவில் இரு மடங்காகத் தெரியும். வீட்டாரிடமோ பங்குதாரரிடமோ நம்பிக்கையான ஒரு வணிக நண்பரிடமோ அந்தத் தாளைக் காட்டுங்கள். தவணை தவறும் என்று தெரிந்தால், தவறும் முன்பே மொத்த வியாபாரியிடமும் வங்கியிடமும் பேசுங்கள். நாளுக்கு ஏழு மணி நேரத் தூக்கத்தையும் அரை மணி நேர நடையையும் கடை வேலையின் ஒரு பகுதியாகவே கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் எப்போது செல்வது?

இவ்வுணர்வு அடிக்கடி வந்தாலோ, சில நாட்களுக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் பதற்றம் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவருக்குச் சர்க்கரை அளவு திடீரென்று குறைந்தாலும் இதே மயக்கம் வரும். தைராய்டு கோளாறு, ஒற்றைத் தலைவலி, சிலவகை வலிப்பு ஆகியவற்றிலும் இவ்வுணர்வு தோன்றுவதுண்டு. நினைவு தப்புதல், வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் ஒரு பக்கம் வலுவிழத்தல், நெஞ்சு வலி, இல்லாத குரல் கேட்டல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்கி விழுங்குவதையும் அறவே தவிர்க்க வேண்டும். அது பழக்கமாகி வேறொரு சிக்கலில் கொண்டுபோய் விடும்.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்குவோர் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இச்சேவை கட்டணமில்லாதது. எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.

பெயர் கெட்டுவிடுமோ?

வணிகர்கள் வாய் திறக்காததற்கு உண்மையான காரணம் இந்த அச்சம்தான். "அவருக்கு மனசு சரியில்லையாம்" என்று ஒரு சொல் வெளியே போனால் கடனுக்குச் சரக்கு கிடைக்காது, பிள்ளைகளின் சம்பந்தம் தடைப்படும் என்று அஞ்சுகிறோம். மனநோயை மறைத்து வைக்கும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓடித் தப்ப முடியவில்லை. அவர்களுடையவை கடுமையான நோய்கள். நாம் இங்கே பேசும் பதற்ற உணர்வு அவற்றோடு ஒப்பிடத் தக்கதே அன்று. ஆனாலும் நம் வாயைக் கட்டிப்போடுவது அதே வெட்கம்தான்.

இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மனநலச் சிகிச்சை பற்றிய விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் பொறுப்பு மருத்துவருக்கு உண்டு. உடல்நோய்க்குக் காப்பீடு அளிக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீட்டு நிறுவனங்கள் வழி செய்ய வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. மெடிக்ளெய்ம் பாலிசி வைத்திருப்போர் அதன் விதிகளை ஒருமுறை வாசித்து வைப்பது நல்லது.

சட்டம் செய்ய முடியாத ஒன்றை நாம் செய்யலாம். பக்கத்துக் கடைக்காரர் சில நாட்களாகப் பேச்சுக் குறைந்து, எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், "என்ன அண்ணாச்சி, முகம் வாடியிருக்கே? வாங்க, ஒரு நடை நடந்துட்டு வருவோம்" என்று கூப்பிடலாம். அவர் மனம் திறந்தால், புத்திமதி சொல்ல அவசரப்படாமல் முழுவதும் கேட்கலாம். கேட்டதை மூன்றாவது ஆளிடம் சொல்லாமல் காக்கலாம். ஒருவர் நாணயத்தை நம்பிக் கடனுக்குச் சரக்கு அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள் நாம். அதே நம்பிக்கையை அவர் சொல்லும் துயரத்துக்கும் கொடுப்போம்.