காற்றை உரமாக்கும் கொடி

பந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்கள் வழியே போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக நட்ட கன்றுகளுக்கு இடையே, தரையே தெரியாமல் ஒரு கொடி படர்ந்து கிடக்கும். "இந்தக் காட்டை ஏன் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. அது காடு அல்ல, வாசகர்களே! விதை போட்டு வளர்க்கப்படும் பயற்றினக் கொடி அது.

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த காலத்தில் ரப்பர் தோட்டங்களில் வேறு வழக்கம் இருந்தது. பால்மரத்தின் அடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்று தரையைச் சுரண்டி வைத்தார்கள். வெயிலில் குனிந்து அந்த வேலையைச் செய்தவர்கள் நம்மவர்களே. ஆனால் விளைந்தது என்ன? பெருமழை பெய்யும்போதெல்லாம் சத்துள்ள மேல்மண் கரைந்து ஓடியது. மண்ணுக்குப் போர்வை வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. 1925-இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்னும் மூன்று கொடிகளைக் கலந்து விதைக்கும் முறையைப் பரிந்துரைத்தது. மூன்றுமே பயற்றினம்.

ஏன் பயற்றினம்? காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் வாயு. செடியின் இலையைப் பசுமையாக்கும் தழைச்சத்து அதுவே. ஆயினும் காற்றிலிருக்கும் நைட்ரஜனை எந்தச் செடியாலும் நேராக எடுத்துக்கொள்ள முடியாது. மண்ணில் வாழும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் பயற்றினச் செடியின் வேருக்குள் புகுந்து சிறு முடிச்சுகளை உண்டாக்குகிறது. அங்கே தங்கி, காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற உணவாக மாற்றிக் கொடுக்கிறது. செடியோ, இலையில் தயாரித்த சர்க்கரையை அதற்குக் கூலியாகக் கொடுக்கிறது. 1888-இல் டச்சு அறிஞர் பெயரிங்க் இந்நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார்.

இதன் பலன் சிறிதல்ல. அகமுத்து, புரோட்டன் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வின்படி, செம்பனைக் கன்றுகளுக்கிடையே வளர்ந்த கொடிகள் ஓர் எக்டரில் ஆண்டுக்குச் சுமார் 150 கிலோ நைட்ரஜனைச் சேர்த்தன. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைட்ரஜன்தான் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறு மூட்டைக்கு மேல் வருகிறது! மரம் வளர்ந்து நிழல் கட்டியதும் கொடி மடிந்து மக்குகிறது; அதன் சத்து மரத்துக்குப் போகிறது.

இனி வீட்டுக்கு வருவோம். என் வகுப்பு மாணவன் ஒருவன், பாட்டி போட்டிருந்த பயற்றங்காய்ச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தான். வேரெல்லாம் உருண்டை உருண்டையாக இருந்ததால் நோய் என்று பயந்து, ஒரு வரிசை முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டான். "சார், எல்லாம் புழு பிடிச்சிருந்துச்சு" என்று ஒரு செடியைக் கொண்டுவந்து காட்டினான். அவன் எறிந்தது நோயையல்ல, பாட்டியின் உர மூட்டையை!

நீங்கள் ஏமாறாதிருக்க ஓர் அடையாளம் சொல்கிறேன். நல்ல முடிச்சு வேரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் உதிரும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளின் உறவுப் பொருள் ஒன்று அதில் இருக்கிறது. சிவப்பு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். புழு நோயாக இருந்தால் வேரே வீங்கியிருக்கும், தள்ளினாலும் உதிராது.

பயற்றங்காய்க்கும் கச்சானுக்கும் யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். சும்மா கிடைக்கும் இடத்தில் செடி கூலி கொடுக்காது, முடிச்சும் குறைந்துபோகும். காய்ப்பு முடிந்ததும் செடியைப் பிடுங்கி எரிக்காமல், தண்டை மட்டும் அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விடுங்கள். அடுத்து அந்த இடத்தில் கீரையோ கத்தரியோ போடுங்கள்.

இந்த வாரம் ஒரு பயற்றஞ்செடியைப் பிடுங்கி, பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு முடிச்சைக் கீறிக் காட்டுங்கள். காசு செலவில்லாத பாடம் அது. அவர்கள் மறக்கவும் மாட்டார்கள்.