காய்கறியும் கிருமித் தொற்றும்

2020-ஆம் ஆண்டு மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு அங்காடி மூடப்பட்டபோது, கடைக் காயைத் தொடவே மக்கள் அஞ்சினர். கத்தரிக்காயைச் சோப்புப் போட்டுக் கழுவிய வீடுகளும் உண்டு. பறித்ததை விற்க வழியின்றித் தவித்த விவசாயிகளுக்கு இது இன்னொரு அடி.

பிளாஸ்டிக்கின் மீது 72 மணி நேரம் வரையிலும், அட்டைப் பெட்டியில் 24 மணி நேரம் வரையிலும் கொரோனாக் கிருமி இருக்கும் என்று அவ்வாண்டு மார்ச்சில் வெளியான ஆய்வு கூறியது உண்மையே. ஆனால் இருப்பது வேறு, தொற்றுவது வேறு. நேரம் ஆக ஆகக் கிருமி வேகமாகக் குறைந்துவிடுகிறது. கிருமி பட்ட பொருளை ஒருமுறை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் அறிவித்தது. கொரோனா பெரும்பாலும் பரவுவது நெரிசலில், மூச்சுக் காற்றின் வழியாகத்தான்.

மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் 'ஏ' கிருமி அப்படியல்ல. அது மலத்தில் வெளியேறி, அசுத்த நீராலும் கழுவாத கையாலும் காய்க்கு வந்து சேரும், வாரக்கணக்கில் அழியாது. கொத்தமல்லி, வெள்ளரி, தக்காளி, கேரட் போலப் பச்சையாக உண்பவற்றில்தான் ஆபத்து அதிகம்.

ஆகவே முள்ளங்கியையும் கீரையையும் குட்டை நீரில் அலசிக் கட்டும் வழக்கத்தை விட வேண்டும். சுத்தமான கிணற்று நீரே ஏற்றது. பறிப்பவர்களுக்கு வரப்பிலேயே ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் வைத்துவிடுங்கள். காமாலை கண்டவரை, கண் மஞ்சளித்து ஒரு வாரமாவது ஆகும்வரை, காய் பறிக்க விடக்கூடாது. கூலி போகிறதே என்று அவர் வரத்தான் செய்வார். உடம்பு தேறும்வரை அந்தக் கூலியில் ஒரு பங்கையாவது கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்வது நல்லது.