வாடும் ஆர்க்கிட்: நோயறிதலும் காத்தலும்

தில்லி சாணக்யபுரியிலும் அதனை அடுத்த குடியிருப்புகளிலும் வாழும் நமக்கு, விழாக்காலத்தில் ஆர்க்கிட் தொட்டி பரிசாக வருவதுண்டு. பூத்துக் குலுங்கி வந்த செடி, சில மாதங்களில் இலை சுருங்கித் துவள்கிறது. உடனே நாம் தில்லி வெயிலைக் குறை கூறுகிறோம்; இன்னும் ஒரு குவளை நீரும் வார்க்கிறோம். பெரும்பாலும் அந்த நீரே செடிக்கு நஞ்சாகிறது.

கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் பெலனாப்ஸிஸ் வகை, ஆசியாவின் வெப்பக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளர்வது. புல்லுருவியைப் போல் அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. காற்றில் தொங்கும் வேர்களால் மழைநீரையும் ஈரத்தையும் பருகுகிறது. நம் சேர்வராயன் மலையிலும் இக்குடும்பச் செடிகள் பல உண்டு. ஏற்காட்டில் இவற்றுக்கென்றே ஓர் அரசுக் காப்பகமும் இருக்கிறது. காற்றில் பழகிய வேரை நீர் தேங்கும் தொட்டியில் அடைத்தால், அது மூச்சுத் திணறி அழுகிவிடும்.

நீர் மிகினும் குறையினும் இலை ஒரேவிதமாகவே வாடும். ஆகவே இலையைக் கண்டு முடிவு செய்தல் கூடாது. செடியைத் தொட்டியினின்று எடுத்து வேரைக் காணவேண்டும். உறுதியான வேர் உலர்ந்தபோது வெள்ளிநிறமாகவும், நனைந்தபோது பச்சையாகவும் இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறிக் குழையும். விரலால் இழுத்தால் மேலுறை கழன்று நார் மட்டும் எஞ்சும். வேர்கள் உறுதியாயிருந்தும் காகிதம்போல் வறண்டிருந்தால், அது தாகமே.

அழுகலாயின், தீயில் காட்டி ஆறவைத்த கத்தரிக்கோலால் கெட்ட வேர்களை நீக்குக. வெட்டுவாய் ஒருநாள் உலரட்டும். பின்னர் மரப்பட்டைத் துண்டுகளும் அடுப்புக்கரியும் கலந்து, அடியில் துளைகள் உள்ள சிறு தொட்டியில் நடுக. தோட்டமண் ஆகாது. இரண்டு மூன்று நாள் கழித்து நீர் விடலாம். அதன்பின் வேர் வெள்ளிநிறம் அடையும்போது மட்டும் விடுக. புதுவேர் தோன்றும்வரை உரம் வேண்டா. இரண்டு மூன்று நல்ல வேர்கள் எஞ்சியிருந்தாலும் செடி பிழைக்கக்கூடும். ஆனால் இலைகளின் நடுக்குருத்தே அழுகிவிட்டால் நம்பிக்கை குறைவு. குருத்தில் நீர் தேங்காமற் பார்ப்பதே அதற்குக் காப்பு.

தில்லிக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. நீர் சுத்திகரிக்கும் கருவியிலிருந்து கழிவாக வெளியேறும் நீரில் உப்பு மிகுதி. சிக்கனம் கருதி அதனை ஆர்க்கிட்டுக்கு ஊற்றலாகாது. மழைநீரே சிறந்தது. மே, ஜூன் மாதங்களின் ‘லூ’ அனற்காற்றும், ஜனவரிக் குளிரும் படாதவாறு, காலை இளவெயில் விழும் கிழக்குச் சாளரத்தருகே வைப்பது நலம். வெப்பம் பதினைந்து பாகைக்குக் கீழே செல்லும் இரவுகளில் செடி அறைக்குள் இருக்கட்டும்.

செடி தேற மாதங்கள் பல ஆகும். அதுவரை நாம் காட்டவேண்டிய பரிவு, நீர்க்குவளையைச் சற்றே தள்ளி வைப்பதுதான். பச்சை நுனியுடன் ஒரு புதுவேர் எட்டிப்பார்க்கும் நாளில், செடி பிழைத்ததென்று கொள்ளலாம். பூவுக்கு அவசரமில்லை, உடல் தேறிய செடிக்கு, அக்டோபர் மாதத்து இரவுக் குளிர்ச்சியே பூந்தண்டு விடத் தூண்டுதலாக அமையும்.