காது கேட்டதைக் கை தேடும்

ஜப்பானியக் குழந்தை முதலில் கற்கும் ஹிரகானா எழுத்துகளில் 'கு' என்பது ஒற்றைக் கோணல் கோடு. அதைக் கால்வட்டம் திருப்பினால் 'ஹெ' போல ஆகிவிடும். நிமிர்ந்து நிற்கும் இரண்டு சிறு கோடுகள் 'இ'. படுக்கப் போட்டால் ஏறக்குறைய 'கொ'. தாளில் இதனால் தொல்லையில்லை. மரக்கட்டையில் எழுத்தைப் பதித்துப் பிள்ளை கையில் கொடுக்கும்போதுதான் சிக்கல், கட்டையை எப்படியும் திருப்பலாமே! எனவே எழுத்துக் கட்டை செய்பவர், எது மேல், எது கீழ் என்பதைப் பிள்ளைக்கு உணர்த்த வழி தேட வேண்டும். எழுத்தின் அடியில் வண்ணக் கோடு போடலாம். அதே பக்கத்தில் ஒரு படமும் போடலாம். எனக்குப் படம்தான் பிடிக்கும். தலைகீழாக நிற்கும் நாயைக் கண்டால் பிள்ளை தானே நிமிர்த்தி வைக்கும்.

எந்தப் படம்? 'இ'க்கு இனு, அதாவது நாய். 'நெ'க்கு நெகோ, பூனை. ஆனால் 'ன்' எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. நம் னகரமும் அப்படித்தானே. அதற்கு 'பான்' என்று முடியும் ரொட்டியை வரையலாம். இன்னோர் எழுத்து, நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' செய்யும் வேலையை மட்டுமே செய்கிறது. அதற்குத் தனிப் பொருளின் படம் கிடைக்காது. புத்தகத்தைப் படிக்கும் சிறுமியைத்தான் காட்ட முடியும்.

எல்லா எழுத்துகளையும் கட்டங்களில் அடுக்கிய எழுத்துப் பலகையைப் பார்க்கும் தமிழருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. உயிர் வரிசை அ, இ, உ, எ, ஒ. மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. 'ஹ' பழங்காலத்தில் 'ப'வாக ஒலித்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், நம் அரிச்சுவடியின் ஓட்டமேதான். பௌத்தத் துறவிகள் சித்தம் என்ற இந்திய எழுத்துமுறையைப் பயின்றதன் வழியே அங்கு போன வரிசை இது. இன்று மொத்தம் 46 எழுத்துகள். யகர வரிசையில் மூன்றும் வகர வரிசையில் இரண்டுமே இருப்பதால் பலகையில் சில கட்டங்கள் காலியாகவே நிற்கும்.

ஆனாலும் கட்டையையும் பலகையையும்விட நான் உயர்த்திச் சொல்வது கருட்டா அட்டைகளைத்தான். 'இரோஹா' என்ற பழைய எழுத்து வரிசைப்படி அமைந்து எடோ காலத்தில் பரவிய 'இரோஹா கருட்டா'வில் 48 ஜோடிகள். ஒவ்வொரு பழமொழிக்கும் வாசிக்கும் அட்டை ஒன்று, படமும் முதலெழுத்தும் உள்ள அட்டை ஒன்று. பட அட்டைகளைத் தரையில் பரப்பிவிடுவார்கள். ஒருவர் பழமொழியை வாசிக்கத் தொடங்கியதும், அதன் முதலெழுத்துள்ள அட்டையை யார் முந்தித் தொடுகிறாரோ அவருக்கே அது. புத்தாண்டில் பாட்டியும் பேரனும் சேர்ந்து ஆடுவார்கள். முழு வரியையும் படிக்கத் தெரியாத பிள்ளையும் ஜெயிக்கலாம். ஓர் எழுத்தை அடையாளம் கண்டால் போதும்.

இதில் நான் மிகவும் மதிக்கும் விதி 'ஒடெட்சுகி'. தவறான அட்டையைத் தொட்டால் தண்டனை உண்டு. பெரும்பாலும் அடுத்த முறை ஆடாமல் இருக்க வேண்டும். 'நெ', 'ரெ', 'வ' மூன்றுக்கும் இடப்பாதி ஒன்றே. வால் சுழித்தால் 'நெ', வெளியே நீண்டால் 'ரெ', உள்ளே வளைந்தால் 'வ'. அவசரத்தில் கை நீட்டும் பிள்ளை, அந்த வாலைப் பார்த்த பிறகே தொடப் பழகுகிறது. எந்த ஆசிரியரும் இதற்காக அதட்ட வேண்டியதில்லை.

தொட்டால் பேசும் பேனாக்களும் பலகைகளும் இன்று ஏராளம். உச்சரிப்பைச் சரியாகக் கேட்க அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கை முதலில் தொடுகிறது, ஒலி பிறகு வருகிறது. கருட்டாவில் காது முதலில் கேட்கிறது, கண்ணும் கையும் தேடுகின்றன. எழுத்து மனத்தில் பதிய இந்தத் தேடல் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எழுத்துருவும் முக்கியம். பல அச்சு எழுத்துருக்களில் 'ச', 'கி' இரண்டிலும் கீழ்க்கோடு மேலே உள்ளதோடு ஒட்டியிருக்கும். பள்ளியில் கையால் எழுதும்போது பிரித்தே எழுதக் கற்கிறார்கள். பொம்மைக்குப் பாடநூல் எழுத்துருவே பொருந்தும்.

ஒலியை அல்லாமல் பொருளைக் குறிக்கும் கான்ஜி எழுத்துகளுக்கு வந்தால் கணக்கே வேறு. முதல் வகுப்பில் 80, ஆறு ஆண்டுகளில் 1,026. இத்தனையையும் தனித்தனி அட்டையாக்கினால் பிள்ளை மலைத்துப்போகும். அதனால் உறுப்புகளைப் பிரித்துத் தரும் அட்டைகள் செய்கிறார்கள். மனிதனைக் குறிக்கும் உறுப்பை மரத்தைக் குறிக்கும் உறுப்பின் பக்கத்தில் வைத்தால் 'ஓய்வு'. மரத்தோடு மரம் சேர்ந்தால் தோப்பு, மூன்று மரங்கள் காடு. சூரியனும் நிலவும் சேர்ந்தால் வெளிச்சம். பண்டாய் நிறுவனத்தின் 'மொஜிபக்கெரு' இன்னும் ஒரு படி மேலே போனது. 'நாய்' என்ற கான்ஜியின் பிளாஸ்டிக் துண்டுகளைக் கழற்றித் திருப்பி மாட்டினால் நாலு காலில் நிற்கும் நாய் வரும். மறுபடி மடக்கினால் எழுத்து.